பழைய வண்டி வாங்கும் முன்



புனே பக்கத்துச் சாக்கனில் பஜாஜ் மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. ஆனால் புது வண்டி வாங்க எல்லோரிடமும் பணம் இருக்கிறதா? பலர் பழைய வண்டிதான் வாங்குகிறோம். அந்தத் தொழிலில் இறங்கிய ஒரு பந்தய வீரரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் என்பது உலகப் புகழ் பெற்ற கார் பந்தயம். 2005இல் அதில் ஓட்டினார். அப்படி ஓட்டிய முதல் இந்தியர் அவரே.

அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு பந்தயம். 20 கார்கள் வந்தன. 14 கார்களின் டயர்கள் அந்தப் பாதையில் தாங்காது என்று தெரிந்தது. அவை விலகிக்கொண்டன. மீதி 6 கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்தார்.

2020இல் அவர் டிரைவ்எக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது பழைய இரு சக்கர வண்டிகளை வாங்கி, சோதித்து, பழுது நீக்கி விற்கிறது. 2022இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் அதில் பங்கு வாங்கியது.

பந்தயக் காரையே சோதித்துத்தான் ஓட்டுகிறார்கள். நாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கும் வண்டியைச் சோதிக்க வேண்டாமா?

டயரைப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தை வாங்கி நீங்களே படியுங்கள். அதில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லை என்றால் வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம். வண்டிமேல் கடன் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கியதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

நாம் எழுத்தும் எண்ணும் கற்றது இதற்கும்தான்.