மூடிய பள்ளியும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும்



2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பேராக்கில் நான் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் முதல் தவணை விடுமுறை விட்டோம். ஒரு வாரத்தில் திரும்பி வருவோம் என்றுதான் பிள்ளைகளும் போனார்கள், நாங்களும் போனோம். திங்கட்கிழமை இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் தேதி முதல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வரும் என்று அறிவித்தார். கதவைச் சாத்துவதற்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. திறப்பதற்கோ இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த நாள்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள். சடக்கெல்லாம் போலீஸ், பிறகு இராணுவம். மாலையானால் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் சொல்லும் எண்ணிக்கைக்காகக் காத்திருந்தோம். மே 4ஆம் தேதி கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தது. ஜூன் 10ஆம் தேதி இன்னும் தளர்ந்து, மாநிலம் விட்டு மாநிலம் போக முடிந்தது. நோய் அடங்கிவிட்டது என்றே பலரும் எண்ணினோம்.

ஆனால் தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. செம்பனைக் குலை நோய்க்காகக் காத்திருக்குமா? பழுத்தால் வெட்ட வேண்டும், வெட்டினால் நாள் கடத்தாமல் ஆலைக்கு ஏற்ற வேண்டும். ஆகவே லயத்துத் தாய்தகப்பன்மார் வழக்கம்போல விடியலில் வேலைக்காட்டுக்குப் போனார்கள். வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசி தகப்பனாரின் சட்டைப்பையில் போனது. நான் காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடம் செம்பனை மரத்தடியில் போய்ச் சேர்ந்தது! இரவு ஏழு மணிக்கு மேல் தகப்பனார் களைத்து வந்து அதைப் பிள்ளையிடம் கொடுப்பார். பிள்ளைக்கு அப்போது தூக்கம்.

பிறகு பயிற்சித் தாள்களை அச்சடித்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்த் தோட்டக் கடையில் வைத்தேன். அரிசி வாங்க வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது ஓரளவு பயன்பட்டது. எழுத்தே தெரியாத பிள்ளைக்குத் தாள் எதற்கு?

நான் சொல்ல வந்தது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் அவர்கள். பத்து வாரம் படித்தார்கள், பள்ளி மூடியது. ஜூலை 22ஆம் தேதி திறந்தது, நவம்பரில் மீண்டும் மூடியது. 2021 மார்ச்சில் திறந்தது, மே மாதம் மறுபடியும் மூடியது. அக்டோபருக்குப் பிறகு படிப்படியாகத் திறந்தபோது, பாதிப் பேர் ஒரு வாரம், மறுபாதி அடுத்த வாரம் என்று வந்தார்கள். ஓர் எழுத்தைக் கற்பித்து, மறுநாள் நினைவூட்டி, அதற்கடுத்த நாள் எழுத வைப்பதுதான் எங்கள் தொழில். அந்தச் சங்கிலி ஐந்தாறு முறை அறுந்தது.

மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டு 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்கு நோய் கண்டது. இந்நாட்டில் 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆண்டின் நடுவில் பசித்த வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டியதையும் பார்த்தோம். தடுப்பூசி பரவி, அக்டோபரில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை முழுமையாகப் போட்டுக்கொண்ட பிறகே மாநில எல்லைகள் திறந்தன. 2022 ஏப்ரல் முதல் தேதி நாட்டின் எல்லைகளும் திறந்தன. கடை திறந்தது, கோவில் திறந்தது, கல்யாண மண்டபம் நிறைந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றார்கள்.

என் வகுப்பில் ஆகவில்லை. அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் இறுதியில், அந்தப் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். வாசிக்கச் சொன்னேன். ஒரு பையன் படத்தைப் பார்த்து அழகாகக் கதை சொன்னான். படத்தைக் கையால் மறைத்தேன், வாய் நின்றுவிட்டது. அப்படி ஏழு பேர் இருந்தார்கள். தினமும் அரை மணி நேரம் அவர்களைத் தனியே உட்காரவைத்து முதலாம் ஆண்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு தாயார் வந்துவிட்டார்.

“மூணாங் கிளாஸ் பிள்ளைக்கு ஒண்ணாங் கிளாஸ் புத்தகமா சார்? மத்த பிள்ளைங்க சிரிக்குதுங்க.”

“சிரிக்கட்டும்மா. இந்த வருஷம் சிரிப்பாங்க. விட்டுட்டா, இடைநிலைப் பள்ளியில இவன் அழுவான்.”

அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் பையன் வந்தான்.

உங்கள் வீட்டிலும் அந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்த பிள்ளை இருக்கலாம். மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். தமிழ் நாளிதழில் ஒரு பத்தியைக் காட்டி உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் ஏசாமல் பக்கத்தில் உட்காருங்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று. லகர, ழகர, ளகரத்தைக் காதால் மட்டும் கற்க முடியாது. லகரத்துக்கு நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளையும், தொடாது. இதைப் பிள்ளை ஆசிரியரின் வாயில் பார்க்க வேண்டும். என் வாயோ முகக்கவசத்துக்குள் இருந்தது. கட்டடத்துக்குள் அதை அணிவது அவரவர் விருப்பம் என்ற அறிவிப்பு 2022 செப்டம்பரில்தான் வந்தது.

அந்த வாரம் வீட்டிலிருந்து ஒரு சிறு கண்ணாடி கொண்டுபோனேன். வாயைத் திறந்து “மழை” என்று சொல்லிக் காட்டினேன். ஏழு பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கண்ணாடியில் தங்கள் நாக்கைப் பார்த்துச் சொன்னார்கள். அந்தப் பையனுக்கு “மழை” மூன்றாம் முறையில் வந்தது. “வாழைப்பழம்” வர அடுத்த வாரம் ஆயிற்று.