புலியூரும் அசோக் நகரும்

(சென்னையைப் பார்வையிட வந்த பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த அசோக் நகரில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. சிங்கத் தூணும், எண்ணிட்ட தெருக்களும், மாடி வீடுகளுமே தென்படுகின்றன. ஆயினும் 1960-களில் இந்நகர் அமைவதற்கு முன்னர் கோடம்பாக்கம், புலியூர், சாலிகிராமம், மாம்பலம் எனக் கிராமங்களே இப்பக்கத்தில் அடுத்தடுத்து விளங்கின.

அவற்றுள் புலியூர் என்பது பழம்பெயர். தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாக வகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு. அவற்றுள் ஒன்று புலியூர்க் கோட்டம். சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூரும் இக்கோட்டத்தைச் சேர்ந்ததே. அக்கோட்டத்தின் பெயரை நினைவூட்டும் சிற்றூர் இன்று நகரத்துள் மறைந்து கிடக்கிறது.

இவ்வூர்களின் இயல்பு யாது? தொண்டை நாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் தேக்கி, மதகு வழியே வயலுக்கு விட்டு, மிகுந்ததைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்புவதே நம் முன்னோர் கண்ட முறை. ஏரி இருந்தமையால் ஊர் இருந்தது.

இதற்குக் கிழக்கே மாம்பலத்தில் நெடிய ஏரி ஒன்று இருந்தது. நகரம் பெருகியபோது வீடுகளுக்கு இடம் தேவைப்பட்டது. 1923-இல் அவ்வேரியை வடித்துத் தியாகராய நகரை அமைக்கத் தொடங்கினர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. 2015 டிசம்பரில் பெருமழை பொழிந்து அடையாறு கரைபுரண்டபோது, அசோக் நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தங்க ஏரி இல்லாத நீர் தெருவில் தங்கியது.

நகரம் வளர்வதை நாம் குறை கூறவில்லை. மக்களுக்கு வீடு வேண்டும். ஆனால் இன்று மனைப்பிரிவுகள் நம் கிராமங்களின் எல்லையையும் எட்டியுள்ளன. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் பெரும்பாலும் ஊராட்சி அமைப்புகளின் பொறுப்பிலேயே உள்ளன. ஆகவே காக்கும் கடமையும் நம்முடையதே.

ஊர் திரும்பியதும் செய்யவேண்டியவை மூன்று. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டிலிருந்து ஏரி, குளம், வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். புல வரைபடத்துடன் எல்லைகளை நடந்து பாருங்கள். மார்ச் 22 தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் அவற்றை உரக்கப் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

நம் ஏரிகள் பெயரளவில் நில்லாமல் நீருடன் நிற்க ஆவன செய்யுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறோம்.