மண்தரையும் மழைக்காலமும்
(பாலர் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டை முன்னிட்டுக் கோயிலின் பின்புறமுள்ள மண்தரைக்குச் சிமெண்ட் போட்டுவிடலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தபோது, முதலில் தலையசைத்தவர்கள் நாமே. திருவிழாவுக்குப் பந்தல் போட வசதி. செருப்பில் சேறு ஒட்டாது. இன்று அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறவே உங்கள் முன் நிற்கிறோம்.

காரணம், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன். சென்ற ஐப்பசியில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, வேப்பமரத்தடியில் குந்தியிருந்தவன், "சாமி, இதுக்கு எட்டுக் காலு" என்றான். அவன் உள்ளங்கையில் சிவப்பு வெல்வெட்டில் செய்தது போன்ற ஒரு பட்டுப்பூச்சி. பூச்சிக்கு ஆறு கால்தான் என்று நாம் திருத்தினோம். அவனோ விடவில்லை, நம்மையும் குனிந்து எண்ண வைத்தான். எட்டுத்தான்! பிறகு நூலைப் புரட்டிப் பார்த்தால், பெயர்தான் பூச்சி. அது சிலந்தியின் உறவு. குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் படித்த நமக்கு இந்த வயதில் ஒரு பாடம். கரும்பலகையில் எட்டைக் காட்டினால் அதே பையன் விழிப்பான் என்று சகோதரி சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றார்கள் நம் முன்னோர். ஐரோப்பாவில் அப்போது இலையுதிர்காலம். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் காட்டுப் பாலர் பள்ளிகள் உண்டு. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் குளிரென்றும் தூறலென்றும் பாராமல் மரங்களுக்கிடையே விளையாடி, உதிர்ந்த இலையையும் கொட்டையையும் பொறுக்கி, நிறம் பிரித்து, எண்ணி அடுக்குவார்கள். ஃபிரோபெல் என்ற ஜெர்மானியர் தம் பள்ளிக்கு 1840-இல் இட்ட பெயர் கிண்டர்கார்ட்டன். பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள். நாமோ அதை எல்.கே.ஜி., யூ.கே.ஜி. என்று சுருக்கினோம், தோட்டத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஊர் திரும்ப முடியவில்லை. பின்னர் கொடைக்கானலில் தங்கியபோது, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து, செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் கவனிக்கச் செய்து கற்பித்தார். நம் மலைமண்ணில் நடந்த காரியம் இது.

நம் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் வேண்டாம். அடிபம்பின் அருகே தேங்கும் குட்டை போதும். அதில் தலைப்பிரட்டைகள் நீந்துகின்றன. பின்கால் முளைக்கிறது, பிறகு முன்கால். "வால் எங்கே போச்சு?" என்று கேட்கிறார்கள். வால் அறுந்து விழுவதில்லை, உடம்புக்குள்ளேயே கரைந்துபோகிறது. இதைச் சார்ட்டில் காட்டினால் அன்றைக்கே மறந்துபோகும். தினமும் வந்து எட்டிப் பார்த்த பிள்ளை, காத்திருக்கவும் அல்லவா கற்றுக்கொள்கிறது! மரவட்டையைத் தொட்டால் சுருளும். சற்றுப் பொறுத்தால் மீண்டும் நடக்கும். மூன்று வயதில் இதைவிடப் பெரிய பாடம் எது என்று நமக்குத் தோன்றவில்லை.

"சாமி, சளி பிடிக்குமே" என்கிறீர்கள். சளி மழையிலிருந்து வருவதன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமியால் வருவது. அடைத்த அறையில் அது இன்னும் எளிதாகத் தொற்றும். சட்டை அழுக்காகும் என்பது உண்மைதான். தாய்மார் நம்மை மன்னிக்க வேண்டும். கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும். பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை பெருகியதால், தைவானில் 2010 முதல் தினமும் 120 நிமிடம் அவர்களை வெளியே விடச் சொல்கிறார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. மழைக்குப் பின் பாம்பு நடமாடும். ஆகவே மதிலோரப் புதரை வெட்டி, கற்குவியலை அகற்றுவோம். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எதுவும் கிடக்கலாகாது. டெங்குக் கொசு அங்கேதான் பெருகும். செருப்பில்லாமல் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது. கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறும். விளையாடி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெரியவர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். இதற்குத்தான் ஆள் தேவை. பேரன் பேத்தியுள்ள பெரியவர்கள் முறைவைத்து வந்தால் போதும்.

பேரவை வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கூடுகிறது. மண்தரையை அப்படியே விட்டுவிடும்படி நாம் கேட்கப்போகிறோம். சிமெண்டுக்கென்று நன்கொடை தந்தவர்கள் விரும்பினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வேண்டாம் என்பவர்களின் பணத்தில், வேப்பமரத்தருகே கை கழுவ இரண்டு குழாய்கள் போட எண்ணம்.