துறைமுகம் முதல் தண்ணீர்மலை வரை: வழிநடையும் வழிச்சொற்களும்

தைப்பூசத்திற்கு முதல்நாள் விடியலில் பினாங்கு வீதியின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் புறப்படுகிறது. 1894ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த தேர் அது. நகரத்தார் 1857இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோவிலை அத்தேர் சென்றடையும்போது இரவாகிவிடுகிறது. தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவே. நடந்து பழகியவர் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுவார். ஆயினும் அதே வழியை நாள் முழுதும், வெறுங்காலுடன், தை மாத வெயிலில், நின்றும் நகர்ந்தும் கடப்பது வேறு செயல். இளைஞர் பலர் இதனை எளிதென்று எண்ணி வருகின்றனர். பாதி வழியில் காலைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் அமர்ந்துவிடுகின்றனர். அவர்களுக்குத் தேவையான அறிவுரை நம் மொழியிலேயே இருக்கிறது. நாம் அதனை மனப்பாடப் பகுதியாகப் படித்துவிட்டு, நடக்கும்போது மறந்துவிடுகிறோம்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்வோம். கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றவர், எதிரே வரும் கூத்தரை அவ்வள்ளலிடம் செல்ல வழிப்படுத்துகிறார். வள்ளலின் புகழை மட்டும் அவர் சொல்லவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், ஆதலின் விடிந்த பின் செல்க என்கிறார். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் பற்றி எச்சரிக்கிறார். பாம்பு உறையும் குழியையும் வழுக்கும் இடத்தையும் சுட்டுகிறார். வகுப்பறையில் இதனை வருணனை என்கிறோம். நடப்பவர்க்கு இது கையேடு.

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை இன்னும் நெருக்கமானது. புகாரைக் கடந்த சிறு பொழுதிலேயே களைத்துப்போன கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் என்னும் விடையைக் கோவலன் சிரித்தபடி தருகிறான். நாளும் ஒரு காவதத்திற்கு மேல் அவர்கள் நடக்கவில்லை என்பதையும், இடையிடையே பல நாள் தங்கினர் என்பதையும் இளங்கோவடிகள் மறவாமல் குறிக்கிறார். மதுரையை நெருங்கும் பகுதியில், கண்ணகி வெயில் தாங்கமாட்டாள் என்று இரவில், நிலவொளியில் நடக்கின்றனர். அளவாக நட, தங்கி நட, வெயில் தவிர்த்து நட என்னும் மூன்றினும் மேலான அறிவுரையை எந்தப் பயிற்சியாளரும் இன்று கூறிவிட முடியாது.

அவ்வழியில் உடன்சென்ற கவுந்தியடிகள் சமணத் துறவி. கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடியிருக்கும் என்கிறார். மஞ்சளும் இஞ்சியும் விளையும் தோட்டத்தில் பலாக்கொட்டைகள் பரல்போல் காலை உறுத்தும் என்கிறார். உடலைப் பொருட்படுத்தாத துறவியே காலடியைப் பார்த்து நடக்கச் சொல்கிறார். நேர்த்திக்கடன் என்றால் எச்சரிக்கை கூடாது, எச்சரிக்கை இருந்தால் பக்தி குறைவு என்று பேசுவோர் இங்கு உண்டு. அவர்கள் கவுந்தியடிகளைப் படித்ததில்லை என்றே கருதுகிறோம்.

கவுந்தியடிகள் சொன்ன பலாக்கொட்டையின் இடத்தில் நமக்கு வாய்த்திருப்பது சிரட்டை ஓடு. தேருக்கு முன்னே தெருத்தெருவாகத் தேங்காய் உடைக்கின்றனர். சீன அன்பர்களும் குவியல் குவியலாக உடைக்கின்றனர். உடைந்த ஓட்டின் விளிம்பு கத்திக்கு நிகர். ஆகவே தேருக்கு முன்னால் நடப்பதினும், தெருவைப் பெருக்கி ஒதுக்கிய பின் தேருக்குப் பின்னால் நடப்பது நல்லது. இன்னொன்றும் உண்டு. இளநீர் ஓடிய சாலையில் பாதம் நனைந்து ஊறுகிறது. ஊறிய தோல் உரசினால் விரைவில் கொப்புளம் எழும். பையில் ஒரு பருத்தித் துண்டு வைத்திருந்து, அமரும்போதெல்லாம் பாதத்தையும் விரலிடுக்குகளையும் துடையுங்கள். எழுந்த கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள்.

நண்பகலில் தார்ச்சாலை சுடும்போது ஒதுங்க நம் நகரில் அஞ்சடி உண்டு. கடைகளின் முன்னே ஐந்தடி அகலத்தில் கூரையுடன் அமைந்த நடைவழியை மலாயில் ‘காக்கி லீமா’ என்றனர். நம் முன்னோர் அதனை மொழிபெயர்த்து அஞ்சடி ஆக்கிக்கொண்டனர். அகராதி பார்த்துச் செய்த கலைச்சொல் அன்று, வெயிலிலும் மழையிலும் ஒதுங்கியவர்கள் வாயில் பிறந்த சொல். பழைய நகர்ப்பகுதியைக் கடந்ததும் இந்நிழல் குறைகிறது. எனவே நகருக்குள் நடக்கும் காலைப்பொழுதில் அவசரம் வேண்டா. அஞ்சடி உள்ளவரை அதனைப் பயன்படுத்துங்கள்.

தண்ணீர்ப் பந்தல் என்னும் சொல்லைச் சற்று விரித்துரைக்க வேண்டும். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. தமிழகத்துச் சிற்றூர்களில் கோடைதோறும் அமைத்த அப்பந்தல், தைப்பூசத்துடன் இங்கும் வந்து வேரூன்றியது. இன்று சில பந்தல்களில் தண்ணீரைவிட ஒலிபெருக்கியே பெரிதாக இருக்கிறது. அது நமக்கு உவப்பில்லை. ஆயினும் பந்தல்கள் இல்லையேல் இந்நடை இல்லை. எல்லாப் பந்தலிலும் வயிறு முட்டக் குடிக்காமல், தாகம் எழுமுன் சிறிது சிறிதாகக் குடியுங்கள். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வண்ணச் சர்க்கரை நீரினும் உப்பிட்ட நீர்மோர் மேலானது. உணவும் அவ்வாறே. கட்டுச்சோறு என்றால் பெரும்பாலும் புளிச்சோறாக இருந்ததற்குக் காரணம், புளியும் உப்பும் எண்ணெயும் சோற்றை எளிதில் கெடவிடாமல் காத்தமை.

சுமை எடுப்போர்க்கு ஒரு சொல். தமிழகத்துப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கும். இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும், குனியாமல் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரம் அவற்றுக்கு உண்டு. காவடியோ பால்குடமோ எடுப்பவர் தரையில் இறக்கித் தூக்கினால் முதுகும் முழங்காலும் வருந்தும். உடன்வருவோரில் இருவர் சுமைதாங்கியாக இருக்க வேண்டும். அவர்கள் யார் என்று முதல்நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ள ஆசிரியர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்க்கு ஓடு குத்தியதும் தெரியாது, சூடும் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் புண் புரையோடிய பிறகே தெரியவரும். அத்தகையோர் வெறுங்காலுடன் நடக்கலாகாது. மருத்துவரிடம் கேட்டுத் தக்க காலணி அணிந்து நடக்கட்டும். அல்லது பந்தலில் நின்று மோர் வழங்கட்டும். அப்பூதியடிகள் நாயன்மாருள் ஒருவராக எண்ணப்படுகிறார் என்பதை நினைவிற் கொள்க.

இங்கு நடந்து பழகியபின் சிலர் நெடுவழி நாடுவீர்கள். நகரத்தார் காவடிகளுடன் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பது 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. இலங்கையிலோ யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை நடப்போர் ஒரு மாதத்திற்கும் மேல் நடக்கின்றனர். போர் ஆண்டுகளில் தடைப்பட்டுத் தடைப்பட்டுத் தொடர்ந்த வழி அது. உகந்தைக்கு அப்பால் குமண, யால வனங்கள். குறித்த நாள்களில் மட்டுமே காட்டுவழி திறக்கப்படும். உணவைச் சுமந்தே செல்ல வேண்டும். யானைகள் உலவுவதால் கூட்டத்தை விட்டுப் பிரியலாகாது. இத்தகைய வழிகளுக்கு ஒரு வாரப் பயிற்சி போதாது. மூன்று மாதம் முன்னரே தொடங்கி, நடக்கும் தொலைவை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பின்னர், சுமக்கப்போகும் பையைச் சுமந்தே நடந்து பாருங்கள். குழுவின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகமாக இருக்கட்டும். வழியில் ஒருவரையொருவர் ‘சாமி’ என்று விளிக்கும் வழக்கமும் இதற்குத் துணைநிற்கிறது. வயதும் பதவியும் தெரியாதவரிடத்தும் ‘சாமி, கொஞ்சம் நில்லுங்கள்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

மீண்டும் நம் மலைக்கு வருவோம். அங்குள்ள அருவியின் நீர் இந்நகருக்கும் துறைக்கு வந்த கப்பல்களுக்கும் குடிநீராயிற்று. தமிழர் அவ்விடத்தைத் தண்ணீர்மலை என்றனர். செட்டிநாட்டில் பிள்ளைக்குத் தண்ணீர்மலை என்று பெயரிடும் அளவுக்கு அச்சொல் கடல் கடந்து திரும்பிச் சென்றது. 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோவிலுக்கு 513 படிகள். தேருடன் நாள் முழுதும் நடந்தவர் அன்றே ஏற வேண்டா. உறங்கி எழுந்து, வெயிலுக்கு முன் ஏறுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வாங்கும். ஆகவே கைப்பிடிக் கம்பியைப் பற்றி, சற்றுப் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள்.

தைப்பூசத்திற்கு மறுநாள் தேர் கோவில் வீட்டிற்குத் திரும்புகிறது. போகும் வழிக்கு ஆயத்தம் செய்வோர் மீளும் வழியை எண்ணுவதில்லை. பாதமோ முன்னரே தேய்ந்திருக்கும். பையின் அடியில் ஒரு சோடிச் செருப்பு இருக்கட்டும்.