மதிலுக்கு வெளியே குடியிருந்தவர்கள்



முற்றுகைப் போர்களைப் பேசும் கருத்தரங்கைச் சிங்கப்பூரில், அதுவும் தேக்காவுக்குப் பக்கத்தில் ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் கம்போங் கப்போர் பக்கம் போய் சிட்டி ரோட்டில் ஒரு நடை நடந்து பார்க்கலாம். மலாக்காச் செட்டிக் குடும்பங்கள் ஒரு காலத்தில் நெருங்கி வாழ்ந்த வட்டாரம் அது. பேச்சு மலாய், வழிபாடு சைவம், பொங்கலுக்கு முதல் நாள் முன்னோர்க்குப் போகிப் பரச்சு படையல். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இவர்களைப் பற்றி ஒரு கண்காட்சியே நடத்தியது. இவர்கள் புறப்பட்டு வந்த மலாக்கா 1511, 1641 என இரண்டு முறை பீரங்கிக்குப் பணிந்த ஊர்.

முற்றுகை என்றதும் வரலாற்று நூல்கள் பால்டிக் கடலோரத்துக்குப் போய்விடுகின்றன. 1628இல் புனித ரோமப் பேரரசின் தளபதி வாலன்ஸ்டைனின் படை ஸ்ட்ரால்சுண்ட் நகரை நிலப்பக்கமாகச் சூழ்ந்தது. கடல் திறந்தே இருந்ததால் டென்மார்க்கும் சுவீடனும் கப்பலில் ஆள் அனுப்பின. நகரம் தப்பியது. உதவி அனுப்பியவர்களில் ஒருவரான டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் தமிழர்களுக்கு அந்நியர் அல்லர். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் தரங்கம்பாடியைப் பெற்றது அவருடைய ஆட்சிதான்.

மலாக்காவில் கடல்தான் முதலில் அடைபட்டது. 1640 ஆகஸ்ட் தொடக்கத்தில் டச்சுக் கம்பெனிப் படை, ஜோகூரின் துணையோடு, ஆற்றுக்கு வடக்கே இருந்த புறநகரில் இறங்கியது. போர்ச்சுகீசியர் அதை ட்ராங்கெய்ரா என்றார்கள், இன்று தெங்கெரா. உள்ளூர்ப் பழம்பெயர் உப்பே. கோட்டையைக் காத்தவர்களின் பார்வையில் எழுதப்பட்ட நூல்களில் இந்த இடம் எதிரி பீரங்கிகளை நிறுத்திய மேடை, அவ்வளவுதான்.

அந்த மேடையில் ஒரு ஊர் இருந்தது. மலாக்காவில் பிறந்த மானுவல் கொதின்ஹோ தெ எரேதியா 1613இல் எழுதிய நூலில் உப்பேக்குள் கிலிங்குகளின் கம்போங் ஒன்றைக் காட்டுகிறார். கிலிங் என்பது இன்று வசையாகக் காதில் விழுகிற சொல். அன்று அது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களின் பெயர். அவர்களுடைய வீடுகளைப் பற்றி எரேதியா தருகிற ஒரு குறிப்பு இக்கருத்தரங்கின் கண்ணில் பட வேண்டியது. அவை மரவீடுகள், தீக்கு அஞ்சி ஓடு வேய்ந்தவை, கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டப் போர்த்தேவை இடம் தரவில்லை.

காரணம் எளியது. மதிலுக்கு எதிரே கல்வீடு இருந்தால், எதிரி அதற்குள் புகுந்து அதையே அரணாக்கிக்கொள்வான். ஐரோப்பியக் கோட்டை நகரங்களிலும் இதே கணக்குதான். முற்றுகை வருமுன் புறநகரைக் கொளுத்துவது வழக்கம். மலாக்காவின் செல்வத்தில் பெரும்பங்கு இந்தப் புறநகர்க் கடைகளில் புரண்டது. தென்னிந்தியத் துணியும் தீவுகளின் வாசனைப் பொருளும் கைமாறியது இங்கேதான். ஆனால் வணிகரின் கூரை எரிய வேண்டிய நாள் வந்தால் எரியட்டும் என்ற முடிவு, முதல் குண்டு விழுவதற்கு நெடுநாள் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. முற்றுகை வரலாற்றை மதிலின் மேலிருந்து எழுதுவது அரை வரலாறு என்று இத்தலைமையுரை சொல்வது இதனால்தான்.

ஐந்தரை மாதம். உள்ளே அரிசி தீர்ந்தது. உலர்ந்த மாட்டுத் தோல், நாய், பூனை, எலி என்று உணவு இறங்கியது. வெளியே டச்சுப் பாசறையில் கொள்ளைநோய். படைத்தலைவர் அட்ரியன் அன்டோனிஸ் இறந்தார், அடுத்து வந்த யாக்கோப் கூப்பரும் இறந்தார். 1641 ஜனவரி 14 அன்று மின்னே வில்லெம்ஸோன் கார்டெகூ, சாந்தோ தொமிங்கோ கொத்தளத்தின் உடைப்பு வழியே படையை உள்ளே நடத்தினார். போர்ச்சுகீசிய ஆளுநர் மானுவல் தெ சோசா கூத்தின்யோ இரண்டே நாளில் உயிர்விட்டார். ஏறத்தாழ 20,000 பேர் வாழ்ந்த ஊரும் சுற்றுவட்டாரமும் இரண்டு மூவாயிரமாகச் சுருங்கின.

ஜனவரி 14 என்றதும் பொங்கல் நினைவு வரும். ஆய்வாளர்கள் அவசரப்பட வேண்டாம். அயன நகர்வைக் கணக்கிட்டால் அந்த ஆண்டு தைப்பிறப்பு ஐந்தாறு நாள் முன்னரே வந்திருக்கும். ஆக, கோட்டை விழுவதற்குச் சில நாள் முன்பு மதிலுக்குள் சிக்கிய தமிழ்க் குடும்பம் எதுவும் இருந்திருந்தால், அதன் பொங்கல் அரிசி இல்லாத பொங்கல்தான். தலைவர்கள் இறந்த தேதியைக் குறித்த ஏடுகள் இதைக் குறிக்கவில்லை.

இருந்தும் அந்தச் சமூகம் அழியவில்லை. டச்சு ஆட்சியிலேயே, 1781இல், தெய்வநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. அதற்கும் பிறகு, நாகூரில் மணம் முடித்த யேமன் அரபியரின் வழிவந்த மலாய் எழுத்தாளர் அப்துல்லா முன்ஷி சிறுவயதில் மலாக்காவில் தமிழ் படித்தார். கணக்கு எழுதவும் வணிகம் பேசவும் அந்த ஊரில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்று தம் வரலாற்றில் அவரே பதிவு செய்கிறார்.

கோட்டையின் முடிவைப் பார்த்தவரும் அவர்தான். 1807இல் பிரித்தானிய அதிகாரி வில்லியம் ஃபார்க்குவார் வெடிமருந்து வைத்து மதிலைத் தகர்த்தபோது யானை அளவு கற்கள் பறந்ததைச் சிறுவன் அப்துல்லா கண்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே ஃபார்க்குவார் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் ஆனார். அப்துல்லாவும் இங்கே வந்தார். ஐந்தரை மாதம் பீரங்கியைத் தாங்கிய அரணில் இன்று நிற்பது சாந்தியாகோ வாசல் ஒன்றே.

மதில் போயிற்று, அதற்கு வெளியே வாழ்ந்தவர்களின் வழிவந்தோர் இன்றும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் பெயர்கள் டச்சுக் கம்பெனியின் ஏடுகளில் சிதைந்த எழுத்துக்கூட்டலில் கிடக்கின்றன. போர்ச்சுகீசியர் நினா சத்து என்று எழுதிய வணிகரின் பெயருக்குள் ஒரு நயினாவும் ஒரு செட்டியும் இருப்பதைத் தமிழ்க் காதுதான் சட்டென்று பிடிக்கும். டச்சுக் கம்பெனியின் ஏடுகள் ஹேக்கிலும் ஜகார்த்தாவிலும் காப்பகங்களில் உள்ளன. தமிழும் தெரிந்து, பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தும் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். இந்த அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களில் இரண்டு பேராவது இந்த ஆண்டே அந்த எழுத்தைப் படிக்கத் தொடங்க வேண்டும்.