பட்டனைத் தட்டினால் இட்டிலி!

(ஆலங்காயம் கூட்டத்தில் பேசியது)



கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957-ல் மறைந்தார். ஆனால் அவர் பேச்சு மறையவில்லை. பட்டனைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும் என்று ஒரு பாட்டில் சொன்னார். நம் பாட்டன்மார் கொட்டகை குலுங்கச் சிரித்தார்கள்.

இன்று அந்தக் காலம் வந்தேவிட்டது! சென்னையில், பெங்களூரில் போனைத் தட்டினால் இட்டிலி வாசலுக்கு வருகிறது. கொண்டுவருவது யார்? இயந்திரமா? இல்லை, நம்ம ஊர்ப் பையன்! டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை கிடைக்காமல் பஸ் ஏறியவன். ஊரே ஐ.பி.எல். கிரிக்கெட் பார்க்கும் இரவில் அவனும்தான் ஓடுகிறான்; அவன் ஓட்டத்தை எந்த ரன் கணக்கில் சேர்ப்பது?

கம்பெனி அவனைத் தொழிலாளி என்று ஒப்புவதில்லை. 'பார்ட்னர்', அதாவது பங்காளியாம்! வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, கீழே விழுந்தால் ஒடிகிற காலும் அவனுடையது. லாபத்தில் மட்டும் பங்கில்லை. இப்படி ஒரு பங்காளியைக் கலைவாணர்கூடக் கற்பனை செய்ததில்லை!

தமிழக அரசு 2023-ல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. நல்லதுதான். ஆனால் கூலியை உயர்த்திக் கேட்க வாரியம் போதாது, சங்கம் வேண்டும்.

விஞ்ஞானத்தைக் கலைவாணர் பழிக்கவில்லை, நாமும் பழிக்கவில்லை. தட்டும் விரலுக்குச் சுகம் வந்தால், சுமக்கும் தோளுக்கும் நியாயம் வரவேண்டும் என்கிறோம். பொங்கலுக்குப் பையன் ஊருக்கு வருவான். சங்கத்தைப் பற்றி அவனிடம் பேசுங்கள்!