டோக்கனைக் கொடுத்துட்டு டூலை எடு: அட்மின் பாஸ்வேர்டு ஏன் உங்ககிட்ட நிரந்தரமா இருக்கக் கூடாது?

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். இப்போ இந்த நிமிஷம் உங்க ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தா, கம்பெனியோட புரொடக்‌ஷன் டேட்டாபேஸுக்குள்ள உங்களால போக முடியுமா? முடியும்னா, அங்க கடைசியா எப்போ உண்மையான வேலை பார்த்தீங்க? நேத்தா, போன மாசமா, இல்ல போன தீபாவளிக்கா?

போன தீபாவளின்னா, இந்த எபிசோடு உங்களுக்குத்தான்.

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஆபரேட்டரா இருந்தவரு. ஆவடியில இருந்து தினமும் சைக்கிள்ல போவாரு. அந்த எஸ்டேட் 1964-ல ஆரம்பிச்சது. அப்பா வேலை பார்த்த யூனிட்ல ஒரு டூல் ஸ்டோர் இருந்துச்சு. மைக்ரோமீட்டர், கேஜ் மாதிரி விலை கூடின அளவுக் கருவி எல்லாம் அங்கதான் இருக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரோட நம்பர் அடிச்ச பித்தளை டோக்கன் சில கொடுத்திருப்பாங்க. கருவி வேணும்னா ஒரு டோக்கனைக் கொடுக்கணும். ஸ்டோர்காரர் கருவி இருந்த ஆணியில அந்த டோக்கனை மாட்டிடுவாரு. ஷிப்ட் முடியறப்ப கருவியைத் திருப்பிக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கணும்.

சின்ன வயசுல நான் அப்பாகிட்ட கேட்டிருக்கேன், "உங்க மேல நம்பிக்கை இல்லாமத்தான இப்படிப் பண்றாங்க?" அவரு சிரிச்சிட்டு, "டேய், அது எனக்காகடா"ன்னாரு. அப்போ புரியல. புரிய எனக்குப் பதினைஞ்சு வருஷமும் ஒரு பொண்ணோட வேலையும் தேவைப்பட்டுச்சு.

நான் வேலை பார்த்த பழைய கம்பெனி ஒண்ணு. பேரு வேண்டாம். ஆன்லைன் ஆர்டர் சம்பந்தப்பட்ட வேலை. டேட்டாபேஸுக்கு ஒரே ஒரு அட்மின் லாகின். அந்தப் பாஸ்வேர்டு எங்க டீம்ல பதினோரு பேருக்குத் தெரியும். சாட் குரூப்ல பின் பண்ணி வச்சிருந்தோம். வேகமா வேலை நடக்குதுல்ல, அதான்.

ஒரு நாள் கஸ்டமர்கள்கிட்ட இருந்து புகார் வர ஆரம்பிச்சுது. யாரோ போன் பண்றாங்க, அவங்க என்ன ஆர்டர் பண்ணாங்க, எந்த அட்ரஸ்னு சரியா சொல்றாங்க, பணம் கேக்குறாங்க. டேட்டா வெளிய போயிருக்கு. லாக் எடுத்துப் பார்த்தா, எல்லா வரியிலயும் ஒரே பேரு: அட்மின். யாரு அந்த அட்மின்? பதினோரு பேர்ல யாரு வேணாலும்.

சந்தேகம் யாரு மேல போச்சுன்னு நினைக்கிறீங்க? அந்த வாரம் நைட் ஷிப்ட் பார்த்த சப்போர்ட் டீம் பொண்ணு மேல. பூந்தமல்லியில இருந்து பஸ்ல வர்ற பொண்ணு. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம். மூணு நாள் ரூமுக்குள்ள உக்கார வச்சுக் கேள்வி கேட்டாங்க. வெளிய வந்து என்கிட்ட கேட்டாங்க, "அண்ணா, நான் எடுக்கலன்னு எப்படி நிரூபிக்கிறது?" என்கிட்ட பதில் இல்ல. அடுத்த மாசம் அவங்களே ராஜினாமா பண்ணிட்டாங்க. யாரு எடுத்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல.

அதே பாஸ்வேர்டு என்கிட்டயும் இருந்துச்சு. நான் சீனியர்ங்கறதால ஒருத்தரும் என்னைக் கேள்வி கேக்கல. நானும் "என்னையும் விசாரிங்க"ன்னு வாய் திறக்கல. அந்த டோக்கன் யாருக்காகன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. ஆணியில டோக்கன் தொங்கினா, காணாமப் போன கேஜுக்காக எல்லாரோட டிபன் பையையும் யாரும் தட்டிப் பார்க்க மாட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதுக்குப் பேரு ஜஸ்ட் இன் டைம் ஆக்சஸ். இந்த வார்த்தை நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்ல. டொயோட்டா உருவாக்கின உற்பத்தி முறைதான் இதுக்கு மூலம். பார்ட்ஸை குடோன்ல குவிச்சு வைக்காம, அசெம்பிளிக்குத் தேவைப்படற நேரத்துல கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தப் பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் யூனிட்ல வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அனுமதியிலயும் அதே கணக்குதான். யார்கிட்டயும் எதையும் குவிச்சு வைக்காதே. வேலை வரும்போது கொடு, முடிஞ்சதும் எடுத்துக்கோ.

நடைமுறை இப்படி இருக்கும். நீங்க ஒரு கோரிக்கை போடுறீங்க: எந்த சிஸ்டம், என்ன வேலை, எவ்வளவு நேரம். இன்னொருத்தர் சரின்னு சொல்றாரு, இல்ல ரூல்படி தானாவே அனுமதி கிடைக்குது. உங்க சொந்தப் பேர்ல கதவு திறக்குது. நேரம் முடிஞ்சதும் மூடிக்குது. எல்லாம் லாக்ல பதிவாகுது.

கிளவுடுல இதுக்கு வசதி ஏற்கெனவே இருக்கு. ஏடபிள்யூஎஸ்-ல ஒரு ரோலைத் தற்காலிகமா எடுத்துக்கலாம், குறைஞ்சது 15 நிமிஷம், அதிகபட்சம் 12 மணி நேரம். மைக்ரோசாஃப்ட் என்ட்ராவுல ரெண்டு நிலை உண்டு: ஒருத்தர் ஒரு ரோலுக்குத் தகுதியானவரா இருக்கிறது வேற, அது இப்போ அவர்கிட்ட ஆக்டிவா இருக்கிறது வேற. தகுதி எப்பவும் இருக்கும், அதிகாரம் கேட்டாத்தான் வரும். இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சாலே பாதி கிணறு தாண்டியாச்சு.

ஆனா நிறைய டீம் டேட்டாபேஸ்ல கோட்டை விடுறாங்க. நானும் விட்டிருக்கேன். போஸ்ட்கிரஸ்ல ஒரு யூசருக்கு 'வேலிட் அன்டில்'னு முடிவு நேரம் வைக்கலாம். அஞ்சு மணியோட முடியும்னு வச்சேன். அஞ்சரைக்குப் பார்த்தா அந்த ஆளு இன்னும் உள்ள குவெரி ஓட்டிட்டு இருக்காரு! ஏன்னா அந்த நேரம் பாஸ்வேர்டுக்கு மட்டும்தான். புதுசா உள்ள வர்றவங்களைத்தான் அது தடுக்கும். ஏற்கெனவே உள்ள இருக்கிறவரை வெளிய அனுப்பாது. ஏடபிள்யூஎஸ் டேட்டாபேஸுக்கு 15 நிமிஷ டோக்கன் வாங்கினாலும் இதே கதைதான். கனெக்‌ஷன் திறந்தாச்சுன்னா டோக்கன் செத்தாலும் அது ஓடிட்டே இருக்கும்.

அதனால நேரம் முடியும்போது திறந்திருக்கிற கனெக்‌ஷனையும் வெட்டணும். ஹாஷிகார்ப் வால்ட் மாதிரி கருவிகள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது யூசரை உருவாக்கி, நேரம் முடிஞ்சதும் அந்த யூசரையே நீக்கிடும். நல்ல வழிதான். ஆனா எந்தக் கருவியா இருந்தாலும், நேரம் முடிஞ்ச பிறகு உள்ள இருந்து ஒரு குவெரி ஓட்டிப் பாருங்க. ஓடினா, உங்க ஸ்டோர்காரர் தூங்குறாருன்னு அர்த்தம்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான், நாங்க எல்லாரும் நம்பகமான ஆளுங்க"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். சிங்கப்பூர்ல என்சிஎஸ்னு ஒரு பெரிய ஐடி கம்பெனி. அங்க டெஸ்டிங் டீம்ல இருந்த ஒரு இந்தியரோட கடைசி வேலை நாள் 2022 நவம்பர்ல. ஆள் வெளிய போயிட்டாரு, அட்மின் லாகின் மட்டும் உயிரோட இருந்துச்சு. 2023 ஜனவரியில இந்தியாவுல உக்காந்துக்கிட்டு ஆறு தடவை உள்ள போயிருக்காரு. மார்ச்ல மட்டும் பதிமூணு தடவை. மார்ச் 18, 19 தேதிகள்ல ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி 180 விர்ச்சுவல் சர்வரை ஒண்ணொண்ணா அழிச்சாரு. நஷ்டம் 9,17,832 சிங்கப்பூர் டாலர். 2024 ஜூன்ல அவருக்கு 2 வருஷம் 8 மாசம் சிறைத் தண்டனை.

செஞ்சது தப்பு, அதுல பேச்சே இல்ல. ஆனா அந்தக் கதவு நாலு மாசமா திறந்தே கிடந்துச்சு. தானா மூடுற கதவா இருந்திருந்தா, அவரோட கோபம் வெறும் கோபமாவே போயிருக்கும். ஒரு கம்பெனிக்கு நஷ்டம் இல்ல, ஒரு மனுஷனுக்கு ஜெயிலும் இல்ல.

சட்டமும் இந்தப் பக்கம்தான் வந்துட்டு இருக்கு. செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி லாகை 180 நாள் வச்சிருக்கணும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, போதுமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம டேட்டா கசிஞ்சா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் உண்டு. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு.

இப்போ இதோட கஷ்டத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா நான் விளம்பரம் பண்ற மாதிரி ஆயிடும். இப்போ இருக்கிற ஆபீஸ்ல இதைக் கொண்டுவந்த ரெண்டாவது வாரம், ராத்திரி ஒரு மணிக்கு சிஸ்டம் படுத்துடுச்சு. சரி பண்ணத் தெரிஞ்சவன் நான், அனுமதி கொடுக்க வேண்டியவர் தூக்கத்துல. நாப்பது நிமிஷம் போன் அடிச்சேன். மறுநாள் மீட்டிங்ல எல்லாரும் என்னைத்தான் திட்டினாங்க. நியாயம்தான்.

அதுக்கப்புறம் மூணு விஷயம் மாத்தினோம். ஒண்ணு, படிக்க மட்டும் போதும்னா, கஸ்டமர் விவரம் இல்லாத டேபிளுக்குக் காரணம் எழுதினாலே ஒரு மணி நேர அனுமதி தானா கிடைக்கும். ரெண்டு, ஆன்-கால் டியூட்டியில இருக்கிறவருக்கு அந்த ஷிப்ட் முழுக்க அவசர அனுமதி எடுக்கிற தகுதி உண்டு. யாரையும் எழுப்ப வேண்டாம். ஆனா எடுத்த நொடியே மொத்த டீமுக்கும் மெசேஜ் போகும், காலையில ஏன் எடுத்தோம்னு எழுதணும். மூணு, மாத்துற, அழிக்கிற அனுமதிக்கு மட்டும் இன்னொரு மனுஷனோட சம்மதம் கட்டாயம்.

கேட்டு வாங்குறது கஷ்டமா இருந்தா ஜனங்க சந்துல வழி கண்டுபிடிப்பாங்க. பாஸ்வேர்டு மறுபடியும் சாட் குரூப்புக்கு வந்துடும். டூல் ஸ்டோர் வாசல்ல அரை மணி நேரம் கியூ நின்னா, கேஜை லாக்கர்ல ஒளிச்சு வைக்கிற ஆளுங்க அப்பா காலத்துலயும் இருந்தாங்களாம்.

உங்க டீம்ல அஞ்சே பேர்தான், காசு இல்லன்னா, இந்த வாரமே மூணு காரியம் பண்ணலாம். பொது லாகினை ஒழிச்சு ஆளுக்கு ஒரு பேர் கொடுங்க. யார்கிட்ட என்ன அனுமதி இருக்குன்னு ஒரு ஷீட்ல எழுதி, 90 நாளா தொடாததை எடுத்துடுங்க. யாராவது வேலையை விட்டா, கேக் வெட்டுறதுக்கு முன்னாடி அவங்க லாகினை மூட ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்க.

இன்னைக்கு அம்பத்தூர் பக்கம் போனா, எஸ்டேட் பட்டறைகளோட ஊர்லயே பெரிய பெரிய டேட்டா சென்டர் நிக்குது. என்டிடி 2023-ல திறந்தாங்க, டிஜிட்டல் கனெக்‌ஷன் 2024 ஜனவரியில. அப்பாவைப் பைக்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். என் வேலை என்னன்னு கேட்டாரு. "டூல் ஸ்டோர்காரர் வேலைப்பா"ன்னேன். "அப்போ டோக்கனை ஒழுங்கா மாட்டு, ஒருத்தன் பேரு கெட்டுடக் கூடாது"ன்னாரு.

அந்தப் பூந்தமல்லிப் பொண்ணு இந்த எபிசோடைக் கேட்பாங்களான்னு தெரியாது. கேட்டா ஒண்ணு சொல்லணும். நீங்க நிரூபிக்க வேண்டியதே இல்லம்மா. யாரு எடுத்தான்னு சொல்ற மாதிரி சிஸ்டத்தைக் கட்டியிருக்க வேண்டியது நாங்க. நான் அன்னைக்கே அதைச் சொல்லியிருக்கணும்.